வாசலோடு முடிவதல்ல தஹாரத்



ஒளுச் செய்யும் தண்ணீர் சுத்தமானதா, ஆடையில் நஜீஸ் பட்டதா என்று நாம் பேணிப் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். சிறுநீர் படாமல் தம்மைக் காத்துக்கொள்ளாதவருக்குக் கப்றில் வேதனை உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆனால் நாம் கழுவி ஊற்றிய தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று என்றைக்காவது பார்த்தோமா?

குர்பானி நாளையே எடுத்துக்கொள்வோம். இரத்தத்தையும் குடற்கழிவையும் சாக்கடையில் தள்ளுகிறோம். வலீமா முடிந்தால், நெய்ச்சோற்றுச் சட்டி கழுவிய தண்ணீரும் அங்கேதான். சூட்டில் உருகி ஓடும் கொழுப்பு, குழாய்க்குள் ஆறியதும் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் சோறும் முடியும் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. பிறகு அந்த அழுக்கு நீர் அண்டை வீட்டு வாசலில் பொங்குகிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று ஓதிய நாமே இடையூறை உண்டாக்கலாமா? அண்டை வீட்டார் எவருடைய தீங்கிற்கு அஞ்சுகிறாரோ, அவர் முஃமினல்லர் என்ற நபிமொழியை மறக்கலாமா?

இதனினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. கக்கூஸ் தொட்டி நிறைந்துவிட்டால், “கூலி கூடக் கொடுத்து ஓர் ஆளை இறக்குவோம்” என்கிறோம். மூடிக்கிடந்த தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு தேங்கியிருக்கும். முதலில் அழுகிய முட்டை போல் நாறும்; அளவு மிஞ்சினாலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பாதாளச் சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் கிடைக்கலாம், பிள்ளைகளுக்குத் தந்தை கிடைப்பாரா? நாம் கொடுக்கும் கூலி அவருடைய உழைப்புக்குத்தான், உயிருக்கல்ல. ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பது போன்றது என்பது திருமறையின் போதனையல்லவா?

ஆகவே, சட்டியிலுள்ள கொழுப்பை ஆறவிட்டு வழித்தெடுத்துக் குப்பையில் சேருங்கள். கழிநீர்த் துவாரத்தில் சல்லடை வையுங்கள். குர்பானிக் கழிவைக் கிணற்றுக்குத் தொலைவில், நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். இடமில்லையேல் ஊராட்சி, நகராட்சி ஆட்களிடம் ஒப்படையுங்கள். தொட்டி நிறைந்தால் உறிஞ்சும் லாரியை அழையுங்கள். ஆளை மட்டும் இறக்காதீர்கள்.

நம் சுத்தம் பிறருக்கு அசுத்தமாகாமல் வாழ, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.