மான் வேட்டையும் துவக்கின் அளவும்

மானைச் சுடுவதற்கு எத்துணைத் துளைவிட்டமுள்ள றைபிள் ஏற்றது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குக் கருவி பற்றியதாகவே தோன்றும். ஆயின் அதனுள் ஓர் அறவினா உறைகின்றது. வலுக்குறைந்த சன்னம் தசையைக் கிழித்து மானை ஓடவிடும். அது புதருக்குள் கிடந்து மெல்ல மெல்லச் சாகும். வலுமிகுந்ததோ இறைச்சியைச் சிதைக்கும்; அன்றியும், துவக்கு தோளில் உதைக்குமென்று அஞ்சிய கையின் குறியும் தவறும். ஆகவே 'ஏற்ற அளவு' என்பதற்கு, நீண்ட வேதனையின்றிக் கொல்லும் அளவு என்றே பொருள் கொள்ளவேண்டும்.

இப்பொருளைச் சட்டமாக்கிய நாடுகளும் உள. இங்கிலாந்தின் 1991 ஆம் ஆண்டு மான் சட்டம், பெரும்பாலான மான்களுக்கு 0.240 அங்குலத்திற் குறைந்த துளைவிட்டமோ 1,700 அடி-இறாத்தலிற் குறைந்த சக்தியோ உடைய றைபிளை விலக்கியது. ஸ்கொத்லாந்தின் 1985 ஆம் ஆண்டு ஆணையோ துளைவிட்டத்தைக் குறிப்பிடவேயில்லை. சன்னத்தின் நிறை, வேகம், சக்தி என்பவற்றையே வரையறுத்தது. பின்னதே அறிவுடைமை என்பேன். சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. துளையின் அகலம் மட்டும் எதனையும் உறுதிசெய்யாது. விலங்கின் அறிவை விடுத்து அதன் துன்பத்தையே கருதவேண்டும் என 1789 இல் வாதிட்ட பெந்தாமின் சிந்தனை இவ்வெண்களில் ஒலிக்கக் கேட்கலாம்.

இவ்வளவுகோலை நம் நாட்டு மதுரங்குளிக்குக் கொணர்ந்து பார்ப்போம். சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில், தென்னையும் கடனீரேரியும் சூழ அமைந்த ஊர் அது. அதற்கு வடகிழக்கே தப்போவைக் காடுகளும், புத்தளத்துக்கு வடக்கே 1938 இல் தேசியப் பூங்காவாகிய வில்பத்துவும் உள்ளன. இன்று புள்ளிமானைக் கொல்வது சட்டப்படி குற்றம். எனினும் உலர்வலயக் காட்டோரங்களில் களவு வேட்டை ஒழிந்தபாடில்லை. அவ்வேட்டையில் நல்ல றைபிளைக் காண்பது அரிது. உள்ளவை பன்னிரண்டாம் இலக்கத் துவக்கும், இடியனும், கட்டுத்துவக்குமே. பன்னிரண்டு ஈயக்குண்டுகள் கூடி ஓர் இறாத்தலாகும் அளவே முதலாவதன் துளை, ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இங்கிலாந்துச் சட்டம் கேட்கும் விட்டத்தின் மும்மடங்கு! ஆயினும் தூரம் கூடக்கூட அதன் ரவைகள் சிதறி, மானைக் கொல்லாது காயப்படுத்தும். அளவைத் தேர்வதென்பது, வசதியுடையோன் முன் மட்டுமே வைக்கப்படும் வினா.

இப்பகுதியில் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். துவக்குச் சன்னத்தால் இறந்த விலங்கை உண்ணலாமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிருள்ளபோதே எட்டி, இறைவன் பெயர் கூறி முறைப்படி அறுத்ததில் ஐயமில்லை. இங்கு ஒரு முரண் எழுகின்றது. நொடியிற் கொல்லும் சன்னம் மானுக்கு நன்று. அறுப்பவனுக்கோ மான் சில கணமாவது மூச்சோடு வேண்டும். பெந்தாமின் வழி நிற்போர் இதனைக் குறையென்பர். நான் அவ்வாறு கருதவில்லை. கொல்பவன் ஓடிச்சென்று, சாகும் உயிரின் அருகே நின்று, தன் கையால் அதனை முடிக்கவேண்டும் என்ற கட்டளை, எந்த அடி-இறாத்தலும் கோராத ஒன்றைக் கோருகின்றது.

அருகே நிற்றல் மட்டும் போதுமோ எனின், போதாது. 1854 இல் இலங்கை வேட்டை நூலை வெளியிட்ட சாமுவேல் பேக்கர், மலைநாட்டில் நாய்களை ஏவி மரையை மடக்கிக் கத்தியாற் குத்திக் கொன்றவர். அவரினும் நெருங்கி நின்றவர் யார்? ஆனால் பசியில்லாத அந்த நெருக்கம் விளையாட்டாயிற்று. கொல்லவேண்டிய தேவை உண்டா என்ற வினா, துவக்கின் அளவுக்கு முன்னர் வந்து நிற்பது.

கட்டுத்துவக்கில் இவ்விரண்டும் இல்லை. நீர் அருந்தும் தடத்தின் குறுக்கே கயிறு கட்டிவிட்டு வைத்தவன் வீட்டிற் படுத்துறங்குகின்றான். கயிற்றில் இடறுவது மானா, சிறுத்தையா, யானைக் கன்றா, விறகுக்குச் சென்ற மனிதனா என்பதைத் துவக்கு அறியாது. சினையா என்று நோக்கவும், சுடாது விடவும் அங்கே கண் இல்லை.

அந்த இறைச்சியை விலைகொடுத்து வாங்குவோனும் அத்தடத்தில் இல்லாதவனே. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் கொல்வோனோடு நில்லாது வாங்குவோனையும் வழக்கிற் சேர்த்தது ஈண்டு நோக்கற்பாலது. காட்டோர ஊர்களில் மான் இறைச்சி விற்பவனிடம், எத்துவக்காற் சுட்டாய், உடனே இறந்ததா என்று எவரும் வினவுவதில்லை. பழையதா, புதியதா என்றே வினவுகின்றனர்.