வழிநடை இடரும் பொதிசோறும்



ஊர்தியேறிச் சென்று ஒருபகலிற் கும்பிட்டு மீள்வதும் வழிபாடேயாம். அதனைக் குறைகூற யாம் ஈண்டுப் புகுந்தோமல்லோம். ஆயினும், பலநாள் கால்நடையாகவே செல்வார்க்கு வாய்க்கும் பாடம் ஒன்றுண்டு. துன்பமும் இன்பமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உயிரைப் பக்குவப்படுத்துமாற்றை அவர் தம் உடம்பிலேயே காண்கின்றனர். அதனை ஏட்டிற் படித்தறிவது ஒன்று. காலிற் கொப்புளத்தோடு அறிவது மற்றொன்று.

ஈழநாட்டிலே, தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியினின்றும் கதிர்காமத்திற்குச் செல்லும் பாதயாத்திரையை எடுத்துக்கொள்வோம். வைகாசியளவிற் புறப்படும் அடியார் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்னும் இடங்களைக் கடந்து, ஏறக்குறைய ஒன்றரைத் திங்கள் நடந்து, ஆடி விழாவிற்குக் கதிர்காமம் சேர்கின்றனர். 1983 முதல் 2009 வரை அந்நாட்டில் நிகழ்ந்த போரினால் இவ்வழி பெரிதும் இடையூறுற்றது. எனினும் அறவே அழிந்தொழிந்ததில்லை. இன்று வடக்கினின்றும் கிழக்கினின்றும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நடக்கின்றனர்.

உகந்தைமலை முருகன் கோயில்வரை ஊர்களின் துணையுண்டு. அதற்கப்பால் காடு. கூமுனை, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கிடங்களின் பெயர்களை அடியார் சொல்வர். அவற்றுட் பல வெறும் மரநிழலும் நீர்நிலையுமேயாம். இக்காடு இன்று குமணை, யாலை என்னும் தேசிய வனங்களுக்கு உட்பட்டது. ஆதலின் அரசினர் குறித்த நாட்களில் மாத்திரம் வழி திறக்கப்படுகின்றது. யானையும் கரடியும் சிறுத்தையும் திரியும் அவ்விடத்தில் தனித்து நடப்பார் இலர், குழுவாகவே செல்வர். ஆனால் நடந்தாரை வினவின், விலங்கினும் அவர் அஞ்சியது நீரின்மையையே என்பர். ஆடிக் கோடையிற் குளங்கள் வற்றிச் சேறாகும். ஆற்றுமணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்துத் துணியில் வடித்துக் குடித்தலும் உண்டு. பகலில் மணல் சுடும். பாலைமரத்தின் அடியில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தால், இரவிற் பனி நனைக்கும். முதல்நாள் பெரிதாகத் தோன்றிய மூட்டையினின்றும் ஒவ்வொரு பொருளாகக் கழிந்துபோக, நான்காம் நாளில் எஞ்சுவது அரிசியும் நீர்க்கலமுமே. பற்று நீங்குதலுக்கு இதனினும் விளக்கமான உரை யாம் கண்டிலேம்.

இடர் இவ்வளவாக, ஆறுதலும் அவ்வழியிலேயே வருகின்றது. முன்பின் அறியாத ஒருவர் மோர்க்குடத்தோடு வழியில் நிற்பார். ஊரார் பள்ளிக்கூடத் திண்ணையையோ கோயில் மண்டபத்தையோ ஒழித்துக்கொடுப்பர். ஒரு தாய் அடியாரின் காலைக் கழுவி எண்ணெய் தடவுவாள். சைவர் மாத்திரமன்றி, கிழக்கிலங்கை முஸ்லிம்களும் சிங்கள மக்களும் நீரும் உணவும் ஈந்து வழியனுப்புதலுண்டு. காட்டினுள்ளும் தண்ணீர்த்தாங்கி வைத்தும், கஞ்சி காய்ச்சியும் தொண்டு செய்வார் உளர்.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. இவ்வாறுதல்களை ஏற்பது நோன்புக்கு இழுக்கன்றோ என்பார் சிலர். துன்பமே தவம், நிழலில் இருந்தாரும் மோர் குடித்தாரும் அத்துணைக்குப் புண்ணியம் இழந்தார் என்பது அவர் கொள்கை. வேறு சிலரோ, தண்ணீர்ப்பந்தரில் உப்புக் குறைந்தது, படுக்க இடம் போதவில்லை என்று முனிவர். முன்னவர் உயர்ந்தாராகவும் பின்னவர் தாழ்ந்தாராகவும் தோன்றும். ஆராயின், இருவரும் ஒரே நோயுடையர்.

எங்ஙனமெனில், உடம்பெடுத்த உயிர் நுகரவேண்டிய வினைப்பயன் பிராரத்தம் எனப்படும். அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்புக் கொள்வதனால் ஏறுவது ஆகாமியம். கொப்புளம் பிராரத்தம், அதன் நோவினால் உடன்நடப்பானை வைதது ஆகாமியம். குளிர்ந்த மோர் பிராரத்தம். மறுநாள் அதே மரத்தடியில் மோர்க்குடம் காணாது சினந்தது ஆகாமியம். ‘யான் செருப்பின்றி நடந்தேன், அவன் செருப்பணிந்தான்’ என்று தருக்கியதும் ஆகாமியமே. இஃது ஏனையவற்றினும் நுட்பமாகப் பற்றுவது. இருவினையொப்பு என்று நம் ஆசிரியர் கூறியது சுடுமணலும் நிழலும் உடம்பிற்கு ஒன்றாகத் தோன்றும் என்றன்று. சுடுமணல் சுடவே செய்யும். இரண்டனையும் ஊட்டுவான் ஒருவனே என்று கண்டு, ஒன்றனை விழைந்து மற்றொன்றனை வெறாதிருத்தலே அது. மறக்கருணையும் அறக்கருணையும் ஒரு தாயின் இரு கைகள்.

இனி, நம் சமயகுரவர் ஒழுகியவாறு காண்போம். திருநாவுக்கரசு நாயனார் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிற் பசியும் நீர்வேட்கையும் மிக வருந்தினார். பெருமான் ஆங்கே ஒரு சோலையும் குளமும் அமைத்து, அந்தணர் வடிவிற் பொதிசோற்றோடு காத்திருந்து, உண்டு நீர் பருகி இளைப்பாறுமாறு வேண்டினார். நாயனார் மறுத்தாரில்லை, உண்டார், பருகினார், அவரோடு பேசி நடந்தார். ஊரணுகியதும் அந்தணர் மறைந்தார். அப்பொழுதே நாயனார் ஊட்டினார் இன்னார் என உணர்ந்து நிலத்தில் வீழ்ந்து அழுதார். உண்டமைக்காக அவர் நாணினார் என்று சேக்கிழார் கூறவில்லை. தம் பொருட்டு இறைவன் எளிவந்த அருளை நினைந்தே உருகினார்.

அதே நாயனார் பின்னர்க் கயிலைக்குச் செல்கின்றார். காசியைக் கடந்தபின் மனிதர் இயங்காத வழி. பாதம் தேய்ந்தது, கைகளால் ஊன்றிச் சென்றார், அவையும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார், அதுவும் இயலாதாகப் புரண்டார். அங்கும் இறைவன் ஒரு முனிவராய் வந்து, பக்கத்தில் ஒரு தடத்தையும் ஆக்கி, இரக்கத்தோடு பேசினார்: மானிடர்க்குக் கயிலை எய்தலரிது; மீள்வதே தக்கது என்றார். நாயனார் உடன்படவில்லை; பெருமானைக் காணாது இவ்வுடம்புகொண்டு மீளேன் என்றார்.

பைஞ்ஞீலி வழியிலும் கயிலை வழியிலும் வந்தவன் ஒருவனே. குளமும் இரண்டிடத்தும் உண்டு. இன்சொல்லும் இரண்டிடத்தும் உண்டு. ஒன்றனை ஏற்றார், மற்றொன்றனை மறுத்தார். ஏன்? பொதிசோறு மேலும் நடப்பதற்கு வலி தந்தது. முனிவர் சொல் நடையையே நிறுத்துவதாயிற்று. இவ்வேறுபாடே வழிநடப்பார் உளங்கொள்ளற்பாலது. நிழலில் இருத்தல் குற்றமன்று. எதற்காக நடக்கின்றோம் என்பதை அந்நிழல் மறப்பிப்பதாயின் எழுந்துவிடுக. முனிவர் வந்தவர் பெருமானே என்று புலப்பட்டு, தடத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு ஆணை பிறந்தபொழுது, அவ்வளவு தொலைவு தேய்ந்துவந்த வழியை விட்டு மீள நாயனார் ஒருகணமும் தயங்கினாரல்லர். தாம் பிடித்த பிடிவாதமும் தமதன்று என்று அவர் அறிந்திருந்தமை இதனாற் பெறப்படும்.

உகந்தையில் காய்ச்சலுற்றுக் காட்டுவழி புகாது, ஊர்தியிற் சுற்றிக் கதிர்காமம் வந்து, ‘என் நேர்த்தி குறையாயிற்றே’ என்று கலங்குவாரும் உளர். அவர்க்குச் சொல்லவேண்டியதும் இவ்வரலாற்றிலேயே உள்ளது. கயிலைக்கு நடந்தவர்க்குக் கயிலைக் காட்சி கிடைத்தது திருவையாற்றிலன்றோ!

சுந்தரமூர்த்தி நாயனார்க்குத் திருக்குருகாவூர் வழியில் நிகழ்ந்ததும் ஈண்டு நினைவிற்குரியது. ஆண்டு இறைவன் தண்ணீர்ப்பந்தர் இட்டு, அவரோடு வந்த அடியார் அனைவர்க்கும் குறையாது பொதிசோறு அளித்தார். உண்டு களைப்பாறித் துயின்றார் விழித்துப் பார்க்க, பந்தரும் இல்லை, ஊட்டினாரும் இல்லை. கொடுத்தவன் நன்றி பெறுவதற்கு நிற்கவில்லை. காட்டுவழியில் தண்ணீர்த்தாங்கி வைத்துச் செல்லும் அன்பரும் பெரும்பாலும் தம் பெயர் சொல்வதில்லை. குடித்தவர் அறிவது நீரின் குளிர்ச்சியை மாத்திரமே.

கட்டகாமம் கடந்து மாணிக்க கங்கையில் மூழ்கி, ஒன்றரைத் திங்கட் புழுதியைக் கழுவி, ஈரத்துணியோடு சந்நிதியிற் சென்று நிற்கும் அடியார் ஆண்டுக் காண்பதும் திருவுருவமன்று. கருவறைக்குமுன் தொங்குவது ஒரு திரை. வள்ளி தெய்வயானையோடு முருகன் எழுதப்பட்ட திரைச்சீலை. பூசை அதன்முன்னரே நடைபெறுகின்றது. வெடித்த கால்களோடு வந்தவர் அத்திரையை விலக்கிக் காட்டுமாறு கேட்பதில்லை. அரோகரா என்று கைகூப்பி, கண்ணீர் வழிய, நெடுநேரம் நிற்கின்றனர்.