மாத்திரையும் மறுகேள்வியும்

மாதவிலக்கு இயற்கையின் நியதி. அதை நிறுத்த எண்ணுவது பாவம் என்கிறது பழமை. மாத்திரையை விழுங்கு; மறுகேள்வி எதற்கு என்கிறது புதுமை. தோழர்களே, இரண்டும் ஒரே குரல்தான்! 'பெண்ணே, நீ சிந்திக்காதே' என்னும் குரல்.

பழமைக்கு முதலில் விடையளிப்போம். 1960-இல் கருத்தடைக்கென அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது எனோவிட். அதை உருவாக்கிய பிங்கசும் ராக்கும் சில நாள் இடைவெளிவிட்டு உண்ணும்படி வகுத்தனர். அந்த இடைவெளியில் வரும் குருதி, ஹார்மோன் நின்றதால் வருவது. உண்மையான மாதவிலக்கு அன்று. இடைவெளியின்றி உண்டால் கருப்பையில் அழுக்கு தேங்கும் என்பதும் அச்சமூட்டும் கதையே. உட்சவ்வு அப்போது மெலிந்தே இருக்கிறது. மிகுந்த உதிரப்போக்கால் சோகை பிடித்து வாடும் மங்கைக்கு அது மருந்து. இதிலே பாவம் எங்கே வந்தது?

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. அதை மறைப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். ஈஸ்ட்ரோஜன் நல்ல கொழுப்பை உயர்த்தும். டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பையும் உயர்த்தும். அதனுடன் சேரும் புரோஜெஸ்டின்களுள், ஆண் ஹார்மோனின் சாயல் மிக்கவை நல்ல கொழுப்பைக் குறைக்கும். ஆனால் கொழுப்பின் கணக்கே இதயத்தின் கணக்கு ஆகிவிடுமா? ஆகாது! மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் குருதி உறையும் தன்மையைக் கூட்டும்; சிலருக்கு இரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

மாதவிலக்கு நின்றுபோன வயதில், இதயநோயும் கொண்டிருந்த 2,763 பெண்களிடம் நடந்த ஹார்மோன் ஆய்வு 1998-இல் வெளிவந்தது. கெட்ட கொழுப்பு குறைந்தது, நல்ல கொழுப்பு கூடியது, மாரடைப்போ குறையவில்லை. அவர்கள் வேறு வயதினர், மருந்தும் வேறு. எனினும், ஏட்டில் எழுதிய எண்ணைக் கண்டு ஏமாறாதே என்னும் பாடம் எல்லோர்க்கும் பொது.

புகைப்பழக்கமற்ற, உடல்நலமுள்ள இளம்பெண்ணுக்கு மாரடைப்பு ஆபத்து மிகச் சிறிது. 35 வயது கடந்து புகைப்பவர், உயர் இரத்த அழுத்தம் உடையவர், முன்பே குருதிக்கட்டி கண்டவர் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. இந்த வேறுபாட்டை யார் அறிய வேண்டும்? மருத்துவர் மட்டுமா? உண்பவள் அல்லவா!

1970-இல் அமெரிக்க செனட்டில், நெல்சன் தலைமையில் மாத்திரையின் தீங்குகள் விசாரிக்கப்பட்டன. மாத்திரை உண்டு துன்புற்ற பெண்களை ஏன் சாட்சியம் கூற அழைக்கவில்லை என்று பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து முழங்கினர். அந்த ஆண்டிலேயே, ஆபத்தை எடுத்துரைக்கும் குறிப்புத்தாளை மாத்திரையோடு வைக்க வேண்டுமென்ற ஆணை பிறந்தது. மன்றாடிப் பெற்றதன்று அந்தத் தாள். கேள்வி கேட்டுப் பெற்றது!

நிறுத்துவதா, தொடர்வதா என்பதை முடிவு செய்யும் உரிமை அவளுடையது. உண்மை முழுவதையும் அவள்முன் வைக்கும் கடமை நம்முடையது. அறிவை மறைத்துவிட்டு உரிமை தந்தோம் என்பது, விளக்கை அணைத்துவிட்டு வழியைக் காட்டினோம் என்பது போன்றதே.