ஐயுறுவதும் அறமே

2024 பிப்ரவரியில் உயிரணு ஆய்விதழ் ஒன்றில் வெளியான எலிப் படம் உலகையே சிரிக்க வைத்தது. மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி வரைந்த அந்த எலிக்கு உடலையே விஞ்சும் பிறப்புறுப்பு. பாகங்களைச் சுட்டிய பெயர்களோ பொருளற்ற எழுத்துக் குவியல். மதிப்பாய்வாளர் ஒருவர் படங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பியும் கட்டுரை வெளியானது. கேலி பெருகிய பிறகே, மூன்று நாளில், இதழ் அதைத் திரும்பப் பெற்றது.

சிரித்துவிட்டு மறக்கக்கூடாத செய்தி இது. இணையத்திலோ செயலியிலோ கிடைத்ததைச் சரிபார்க்காமல் அறிவியலில் எடுத்தாள்வதைச் சோம்பல் என்று சொல்லித் தப்ப முடியாது, அது அறப்பிழை. வள்ளுவர் இதை இருமுறை அறிவுறுத்தினார். மெய்யுணர்தல் அதிகாரத்தில், தோற்றம் எதுவாயினும் உண்மையைக் காணச் சொன்னார். அறிவுடைமை அதிகாரத்தில், சொல்பவர் யாராயினும் ஆராயச் சொன்னார். எலி விவகாரத்தில் முதலாவது காற்றில் போயிற்று. இரண்டாவது 2020லேயே போய்விட்டது.

அவ்வாண்டு மே 22 அன்று, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுக்கப்பட்ட கொரோனா நோயாளிகளிடையே இறப்பு கூடுகிறது என்றது லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை ஒன்று. காட்டிய சான்று 671 மருத்துவமனைகள், சுமார் 96,000 நோயாளிகள். தரவு தந்தது சர்ஜிஸ்பியர் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம். மூன்றாம் நாளே உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தின் பரிசோதனையை நிறுத்திவைத்தது. கூட்டிப் பார்த்தவர்களுக்கோ கணக்கு உதைத்தது. ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவின் ஐந்து மருத்துவமனைகளில் மட்டும் 73 பேர் இறந்ததாகக் கட்டுரை சொன்னது. அன்றுவரை அந்நாடு முழுவதிலும் பதிவான இறப்பு 67. முழுத் தரவையும் தனி ஆய்வாளர்களிடம் தர நிறுவனம் மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. புகழ்பெற்ற இதழ் என்ற பெயரே அதுவரை பலருக்குச் சான்றாகப் போதுமாயிருந்தது.

கொள்ளைநோய்க் காலத்தில் ஒவ்வோர் எண்ணையும் துருவிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அம்மருந்தால் பயனில்லை என்பதைப் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு மறுநாளே, ஜூன் 5 அன்று, முறைப்படி சோதித்து அறிவித்தது. நேர்மைக்கும் அதே அவசரத்தில் நேரம் இருந்தது.

ஐயத்துக்கும் எல்லை உண்டு. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து தெளிந்தவரை மீண்டும் ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்று தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் வள்ளுவரே வரம்பு கட்டினார். எவ்வளவு சோதித்த தடுப்பூசியையும் நம்பமாட்டேன் என்பவரை ஐயுறுபவர் என்று சொல்வதற்கில்லை. அவரும் ஆராய மறுப்பவரே.

முன்னோர் சொன்னதை முன்னோர் சொன்னதாகவே குறித்தார் தொல்காப்பியர். பிறர் நூலின் குற்றம் காட்டுவதையும் நூலுக்குரிய எழுவகை மதங்களுள் (கொள்கைகளுள்) ஒன்றாக வைத்தார் நன்னூலார். நன்றி மறவாமை, குற்றம் மறையாமை: ஆய்வு நேர்மைக்கு இரண்டும் வேண்டும். ஆகவே மூலத்தைப் படிக்காமல் அதன் சுருக்கத்தை வைத்து மேற்கோள் காட்டக்கூடாது. செயலி எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டக்கூடாது. கட்டுரை இன்னும் நிலைத்திருக்கிறதா, திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்காமல் விடக்கூடாது. அந்த லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்ற பின்னும் சான்றாகக் காட்டியவர்கள் உண்டு. மேற்கோள் பட்டியலில் ஒரு நூலைச் சேர்ப்பவர், படித்தேன், சரிபார்த்தேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கைக் காக்க மனமில்லாதவர் எழுதாதிருப்பதே அறிவியலுக்குச் செய்யும் உதவி.