பெயரைத் துறப்பதும் பெயரை மறைப்பதும்

அருப்புக்கோட்டையில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன் நான். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தன்று சர் சி.வி. ராமன் படத்துக்கு மாலை போட்ட கையோடு, கே.எஸ். கிருஷ்ணனைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். அவர் நம் மாவட்டத்துக்காரர். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர்.

1928 தொடக்கத்தில், கல்கத்தா பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் ராமனோடு அவர் செய்த சோதனை இது. வெயிலைக் குவித்து, நீல ஊதா வடிகட்டி வழியாக, தூசி நீக்கிய திரவத்துக்குள் செலுத்துவார்கள். பார்க்கிற பக்கம் அந்த ஊதாவைத் தடுக்கும் மஞ்சள் பச்சை வடிகட்டி. போன ஒளியே சிதறி வந்தால் கண்ணுக்கு இருட்டுதான் தெரிய வேண்டும். ஆனால் மங்கலாக ஓர் ஒளித்தடம் தெரிந்தது. நிறம் மாறிய ஒளி! சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அது இருந்தது. அன்றாடம் நடந்ததைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மார்ச் 31 ‘நேச்சர்’ இதழில் வந்த கடிதத்தில் இருவர் பெயரும் இருந்தன. 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

ஒளிச்சிதறல் பற்றிய கேள்வியை எழுப்பி, 1921 முதல் விடாமல் துரத்தியவர் ராமன், அதில் ஐயமில்லை. நோபல் உரையில் கிருஷ்ணனை அவர் குறிப்பிடவும் செய்தார். ஊர் உலகம்தான் ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டது.

இந்தப் பேச்சை எடுத்தால் எங்கள் பக்கத்தில் ஒரு பதில் வரும்: “சார், திருச்சுழியில் பிறந்த பகவான் ரமணர் என்ன சொன்னார்? ‘நான் செய்தேன்’ என்கிற நினைப்பே பொய். அப்புறம் யார் பெயர் இருந்தால் என்ன?”

ரமணர் ‘உள்ளது நாற்பது’ இயற்றியதும் அதே 1928இல்தான். செய்பவன் நான் என்றால் பலனையும் நானே அனுபவிக்க வேண்டும். செய்பவன் யார் என்று விசாரித்துத் தன்னை அறிந்தால் கர்த்தா என்ற எண்ணமே கழன்றுவிடும் என்கிறார். நான் அதை முழுதாக நம்புகிறேன். ஆனால் அந்த விசாரணை ‘நான் யார்?’ என்று தன்னைப் பார்த்துக் கேட்பது. அடுத்தவனைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்பதற்கு அதில் இடமே இல்லை.

கிருஷ்ணன் தன் பங்குக்காக வழக்காடியதாக நான் எங்கும் படித்ததில்லை. அந்த மௌனம் அவருடைய பெருமை. அதைக் காட்டி நாமும் வாயை மூடிக்கொள்ள முடியாது. எங்கள் ஊர்ச் சேலைக்குச் சாயம் போட்டவரும் பாவு ஓட்டியவரும் தறியில் உட்கார்ந்தவரும் கூலி கேட்டு வரும்போது, “பற்றை விடு” என்று முதலாளி உபதேசித்தால் அது வேதாந்தமா? வயிற்றில் அடிக்கிற வேலை.

தவிர, யார் எதைச் செய்தார் என்பதும் சோதனையின் முடிவைப் போல ஓர் உண்மைதான். அதை மறைத்துவிட்டு அகந்தையை ஒழித்தேன் என்று சொல்ல முடியாது. பொய்தான் ஒன்று கூடும். அதனால் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்: உன் வேலையில் உன் பெயரை மறந்துவிடு. அடுத்தவர் வேலையைப் பேசும்போது அவர் பெயரை விடாமல் சொல்.