எடிட்டர் ஏவலாளா?

சீடன்: ஐயா, ஒரு சந்தேகம். ஈமாக்ஸ் என்றால் நான் உட்கார்ந்து எழுதும் இடம் என்றே நினைத்திருந்தேன். நீங்கள் அதைப் பின்னணியில் டீமனாக ஓடவிட்டு, கிட், கிரான்டேப் என்று எது கூப்பிட்டாலும் வேலை செய்யும்படி வைத்திருக்கிறீர்கள். எழுதுகிறவனின் கருவி மற்ற நிரல்களுக்கு ஏவலாள் ஆகலாமா?

குரு: யார் யாருக்கு ஏவல் என்று முதலில் பார், தம்பி. கமிட் செய்தி எழுதக் கிட்டுக்குத் தனக்கென்று இடம் கிடையாது. எடிட்டர் என்று நீ குறித்து வைத்ததைக் கூப்பிடுகிறது. அங்கே ஈமாக்ஸ்கிளையன்ட் என்று இருந்தால், அந்தச் சின்ன நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஈமாக்ஸிடம் சாக்கெட் வழியே கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்து நிற்கும். நீ எழுதி முடித்து, கண்ட்ரோல் எக்ஸும் # குறியும் தட்டும்வரை கிளையன்ட் நகராது. கிளையன்ட் நகராமல் கிட்டும் நகராது. நம் பசுவந்தனை மாவு மில்லை நினைத்துக்கொள். கம்பு கொண்டுவந்தவர்தான் வாசலில் நிற்கிறார். மில் அவர் வீட்டுக்குப் போவதில்லை.

சீடன்: நாள் முழுக்க ஓடினால் நினைவகம் வீணாகாதா?

குரு: இன்றைய கணினிக்கு அது ஒரு சுமையா?

சீடன்: அந்தச் சாக்கெட் வழியே வேறு ஆள் நுழைந்தால்?

குரு: அது இருக்கும் அடைவு உன் கணக்குக்கு மட்டுமே திறக்கும். அடுத்ததைக் கேள்.

சீடன்: என்னை உறுத்துவது இதுதான். எல்லாம் ஒன்றிலேயே என்றால், அது விழும்போது எல்லாம் விழும். ஒன்று சிக்கினால் மற்றவையும் நிற்கும். வேலைக்கு ஒரு எடிட்டர் திறந்தால் இந்தப் பயமே இல்லையே?

குரு: இந்தக் கேள்வியோடு நானும் வெகுநாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். சிக்கல் உண்மைதான். ஈமாக்ஸ் தன் லிஸ்ப் வேலையைப் பெரும்பாலும் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகவே செய்கிறது. ஒரு சாளரத்தில் கனத்த வேலை ஓடினால் மற்ற சாளரங்களும் உறைந்து நிற்கும். மில்லிலும் ஒருவர் மூட்டையில் கல் கிடந்தால் வரிசை முழுவதும் நிற்கத்தான் செய்கிறது. அதற்காக ஊர் மறுபடியும் வீட்டுக்கு வீடு திரிகைக்குப் போய்விட்டதா? மாவில் காரம் ஏறாமலிருக்க மிளகாய்க்கு வேறு மெஷின் போட்டார்கள், அவ்வளவுதான். ஈமாக்ஸிலும் டீமனுக்குப் பெயர் வைத்து இன்னொன்றை எழுப்பலாம். கிளையன்டிடம் எந்தப் பெயரைத் தேடுவது என்றும் சொல்லலாம். அஞ்சலும் கனத்த வேலைகளும் அதில் ஓடட்டும், எழுத்து இதில் இருக்கட்டும்.

விழுந்தால் மீளவும் வழி இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை இயல்பாகவே சுமார் 300 தட்டல்களுக்கு ஒருமுறையும், 30 விநாடி அளவு கை ஓய்ந்தாலும் ஈமாக்ஸ் தனிப்படியாகச் சேமிக்கிறது, அதிலிருந்து மீட்கலாம். மாற்று எடிட்டர் கேட்கும் இடத்தில் வெற்றுச் சரத்தைக் கொடுத்துவிட்டால், டீமன் இல்லாதபோது கிளையன்டே அதை எழுப்பிக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு? திறந்திருக்கும் ஈமாக்ஸைச் சர்வராக்கும் வசதி பழையது; திரையே இல்லாமல் பின்னணியில் ஓடும் டீமன் 2009இல் 23ஆம் பதிப்போடு வந்தது. சட்டென்று திறக்கிறது என்று அதைப் புகழ்வார்கள். வேகம் சின்ன லாபம். கமிட் செய்தியைத் தமிழில் எழுத உட்காருகிறாய் என்று வை. நீ பழக்கிய தமிழ் உள்ளீட்டு முறை, சேர்த்து வைத்த சுருக்கங்கள், காலையில் வேறு கோப்பில் வெட்டிய வரி எல்லாம் அங்கேயே கைக்கு எட்டும். புதிதாகத் திறக்கும் எடிட்டருக்கு அந்தக் காலை தெரியாது. மில்காரர் சலிக்கும் பதமும் கல் இடைவெளியும் அறிந்திருப்பது, நாள்தோறும் பல வீட்டுத் தானியம் அவர் கை வழியே போவதால்தான்.

விம் எடிட்டரின் வழியில் 2014இல் தொடங்கிய நியோவிம் இன்னும் துணிந்தது. இயங்கும் பகுதியையும் திரையில் காட்டும் பகுதியையும் பிரித்து, மெசேஜ்பேக் ஆர்பிசி என்ற நெறிமுறை வழியே எந்த நிரலும் அதனோடு பேசலாம் என்று வைத்தது. ஃபயர்என்விம் நீட்டிப்பு உலாவியின் உரைப்பெட்டிக்குள்ளேயே நியோவிமைக் கொண்டுவருகிறது. ஈமாக்ஸ், விம் இரண்டு மரபும் வந்து சேரும் முடிவு ஒன்றே: எழுதும் பழக்கம் ஒருவனுக்கு ஒன்றுதான், அதை நிரலுக்கு ஒரு துண்டாக வெட்டிக் கொடுத்தால் எந்தத் துண்டும் வளராது. எத்தனை நிரல் வேண்டுமானாலும் கூப்பிடட்டும், எழுத்து நடக்கும் இடம் உன்னுடையதாக இருக்க வேண்டும். இன்றைக்கே உன் எடிட்டர் மாறியில் கிளையன்டின் பெயரை எழுதி வை.