பழங்கற்றளியும் திருப்பணி அறமும்

சிவாலயத் திருப்பணி சிவபுண்ணியங்களுட் சிறந்தது. பழைய கற்றளியின் கல்லைச் சுரண்டிப் புதிதுபோலத் தோற்றுவித்தலும் அப்புண்ணியத்தின்பாற் படுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

நமது வன்னிக்குத் தென்கிழக்கே பொலன்னறுவையில், சோழர் 11ஆம் நூற்றாண்டில் எடுத்த சிவாலயமொன்று அடிமுதல் முடிவரை கல்லாலாகி இன்றும் நிற்கின்றது. அதன் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம் என நாம் அறிவது ஆங்குள்ள தமிழ்ச் சாசனத்தாலேயாம். அவ்வெழுத்துத் தேய்ந்திருப்பின், தொல்பொருளாராய்ச்சியாளர் இட்ட 'இரண்டாம் சிவதேவாலயம்' என்னும் எண்ணன்றிப் பிறிதொன்றும் எஞ்சாது. ஈழத்துப் பழஞ்சிவாலயங்கள் பலவற்றைப் பறங்கியர் இடித்தொழித்தமையால், எஞ்சிய கல் ஒவ்வொன்றும் நமக்குச் சான்றாகும்.

தமிழ்நாட்டு ஆலயங்கள் சிலவற்றில் எண்ணெய்ப்பிசுக்கையும் சுண்ணப்பூச்சையும் போக்குதற்பொருட்டுக் காற்றமுக்கத்தால் மணலை வீசிக் கல்லைத் தேய்த்தனர். அழுக்கோடு எழுத்தும் உளிநயமும் போயின. மேற்பரப்பு நீங்கிய கல்லில் ஈரம் எளிதிற் புகும். அவ்வீரத்திற் கரைந்த உப்பு உள்ளே உறைந்து கல்லைப் பொரியச் செய்யும். சீமெந்துப்பூச்சு ஈரத்தை உள்ளடைக்கும்; சுண்ணச்சாந்து அதனை வெளிவிடும். இத்தகைய கேடுகள் பெருகியமையாலன்றோ, சென்னை உயர்நீதிமன்றம் 2021 யூன் 7இல் ஆலயப் பாதுகாப்பின்பொருட்டு 75 பணிப்புரைகள் வழங்க நேர்ந்தது! இங்கிலாந்திலும் பழைய தேவாலயச் சுவர்களைச் சுரண்டுதலைத் தடுக்க 1877இலேயே வில்லியம் மொறிஸ் என்பார் ஒரு சங்கம் நிறுவினார்.

ஆலயம் காட்சிச்சாலையன்று, சிதைந்ததைப் புதுக்குதலை ஆகமங்களே விதித்தன என்பாருமுளர். மெய்யே. பிளந்த உத்தரத்தை வழிபடுவார் தலைமேல் வீழவிடுதல் அறமன்று. ஆயின், நிறம் மங்குதல் பழுதன்று. நோயுற்ற தந்தைக்கு மருந்தூட்டல் மைந்தன் கடன். அவர் முகத்துத் திரையைச் சீவி இளமை காட்ட முயலுதலும் கடனாகுமோ?

இன்று பொருளுதவுவோர் தம் பெயர் பொறித்த பளிங்குக்கல்லை விரும்புகின்றனர். அன்று உதவியோர் பெயர் பொறித்த கல்லோ தேய்க்கப்படுகின்றது. முன்னோர் பெயரை அழிக்குங் கை, தன் பெயர் நிலைக்குமென எங்ஙனம் நம்பும்? எழுதுவித்தோர் இறந்தனர், இனிப் படிப்போர் பிறந்திலர். இருவர்க்கும் நடுநின்ற நாம் அக்கல்லுக்கு உடையவரல்லேம். அதனை அடைக்கலமாகப் பெற்றவரே. அடைக்கலப்பொருளை நம் கண்ணுக்கு இனிதாக மாற்றுதல் தருமமன்று.

ஆதலின், ஆசிரியர்காள், கோயிற்கல்லிற் பெயர் கீறாமையையும், சாசனத்தின்மேல் எண்ணெய் பூசாமையையும், அதன் அருகே கர்ப்பூரம் கொளுத்தாமையையும் மாணவர்க்குக் கற்பியுங்கள். திருப்பணி தொடங்குமுன் எழுத்தைப் படியெடுத்து வைக்குமாறு ஆலய பரிபாலகர்க்கு எடுத்துரையுங்கள். தொடவேண்டாதவிடத்துத் தொடாது விடுதலும் சிவதொண்டேயாம்.